தட்டில் ஒரு பழமரம்

‘போன்சாய்’ என்னும் ஜப்பானியச் சொல்லுக்குத் ‘தட்டில் நட்டது’ என்பது பொருள். வேரையும் கிளையையும் கத்தரித்து வளர்த்தால் மரம் குறுகும். இலையும் ஓரளவு சிறுக்கும். பழமோ தன் அளவில் குறையாது. ஆகவே, தொடங்குவோர் மாவையும் பலாவையும் விடுத்து, மலாய் மொழியில் ‘லீமாவ் கஸ்தூரி’ எனப்படும் சிற்றெலுமிச்சையைத் தேர்வது நன்று.

விதைக்கன்று காய்க்கப் பல்லாண்டு ஆகும். கிளையிலேயே வேர்விடச் செய்து பிரித்த விண்பதியக் கன்று விரைவில் காய்க்கும். வெயில் படும் இடத்தில் வையுங்கள். ஆழமற்ற தட்டு விரைவில் காய்ந்துவிடும் என்பதால் நாள்தோறும் ஈரம் பார்த்து நீர் ஊற்றுங்கள்.

மாணவர்களே, முதற்காய்களைக் கிள்ளிவிடுங்கள். மனம் வலிக்கும், ஆயினும் இளமரம் தன் வலிமையெல்லாம் காய்க்கே கொடுத்துவிட்டால் வேருக்கு எதுவும் மிஞ்சாது.