பெரியப்பா ஏன் வெளியே போனாரு?

இந்த வாரம் வேற ஒரு டாபிக் பேசுறதா இருந்தேன். நடுவுல இன்பாக்ஸ்ல ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. வேளச்சேரியிலேருந்து ஒருத்தங்க. "அப்பாவுக்கு ஃப்ளூ. டாக்டர் அஞ்சு நாள் தனி ரூம்ல இருக்கச் சொன்னாரு. அவரு ஹால்ல உட்கார்ந்து என் எட்டு மாசக் குழந்தையை மடியில வச்சுக்கிட்டு நியூஸ் பார்க்கிறாரு. ஏதாவது சொன்னா, உங்களை எல்லாம் யாரு வளர்த்ததுன்னு கேட்கிறாரு. கொரோனா காலத்துல நீங்கல்லாம் எப்படி சமாளிச்சீங்க?"

சமாளிச்சோமான்னு தெரியல. ஆனா ஒரு கதை இருக்கு. 2021 மே மாசம், எங்க பெரியப்பா. இதை மைக் முன்னாடி பேச வேண்டாம்னு இத்தனை நாளா தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

எங்க ஊரு கள்ளக்குறிச்சி மாவட்டம், கச்சிராயபாளையம் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். மொட்டை மாடியில நின்னா மலை தெரியும். மேல வெள்ளிமலை, கரியாலூர், அப்புறம் சின்னச் சின்ன ஊருங்க. அங்க இருக்கிறவங்க மலையாளி பழங்குடி மக்கள். பேரைக் கேட்டு கேரளான்னு நினைச்சுக்காதீங்க, மலையில வாழுறவங்கன்ற அர்த்தம்தான், தமிழ்தான் பேசுவாங்க. சாமை, வரகு, மரவள்ளி விளையுற பூமி. பெரியப்பா முப்பது வருஷமா மலையிலேருந்து மரவள்ளியும் புளியும் வாங்கி கீழ கொண்டாந்து விக்கிறவரு. ஒரு எக்செல் வண்டி, ஒரு நோட்டு, காதுல ஒரு பேனா. அவ்வளவுதான் அவரோட கம்பெனி.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமா ஆனது 2019 நவம்பர் 26. நாலே மாசத்துல ஊரடங்கு வந்துடுச்சு. 2020 மே 5-ஆம் தேதி கோயம்பேடு மார்க்கெட்டை மூடினப்போ, அங்க வேலை பார்த்த எங்க பக்கத்து ஆளுங்க ஊர் திரும்பினாங்க. விழுப்புரம், கடலூர், அரியலூர், கள்ளக்குறிச்சின்னு எண்ணிக்கை மளமளன்னு ஏறுச்சு. அப்போ சென்னையிலேருந்து வந்தவன்னு தெரிஞ்சாலே ஊர் எல்லையிலேயே நிறுத்தி விசாரிச்சாங்க. அடுத்த வருஷம் அந்தப் பயம் விட்டுப்போச்சு. எனக்கும்தான்.

2021 மே 10-லேருந்து முழு ஊரடங்குன்னு அறிவிச்சாங்க. அதுக்கு முந்தின ரெண்டு நாள் ஊருக்குப் போறவங்களுக்கு ஸ்பெஷல் பஸ் விட்டாங்க, ஞாபகம் இருக்கா? அதுல ஏறி 9-ஆம் தேதி நான் வீட்டுக்கு வந்தேன். லேப்டாப்பைத் திறந்து வச்சு வேலை பார்க்கலாம், அம்மா சமையல் சாப்பிடலாம். வீட்ல பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, எண்பத்திரண்டு வயசு ஆயா. அப்புறம் நான். பின்கட்டுல ஒரே ஒரு பாத்ரூம்.

13-ஆம் தேதி பெரியப்பாவுக்கு ஜுரம். ரெண்டு நாள் கழிச்சு ரிசல்ட் பாசிட்டிவ். வாசல்ல பிளீச்சிங் பவுடர் தூவிட்டுப் போனாங்க. வீட்டு முன்னாடி வெள்ளையா ஒரு கோடு. பக்கத்து வீட்டு அக்கா அன்னிக்கு சாயங்காலம் கோலம் போட வெளிய வந்தவங்க, கோட்டைப் பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க. கோவிட் வந்தவங்க வீட்டு வாசல்ல நோட்டீஸ் ஒட்டுற பழக்கத்தை 2020 டிசம்பர்லயே சுப்ரீம் கோர்ட் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா பவுடர் நோட்டீஸ் இல்லையே.

அப்போ இருந்த விதி என்னன்னா, அறிகுறி ஆரம்பிச்சதிலேருந்து குறைஞ்சது பத்து நாள் தனி ரூம், அதுல கடைசி மூணு நாள் ஜுரம் இருக்கக் கூடாது. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழ போனா ஆஸ்பத்திரி. முன் ரூமை ஒழிச்சுக் குடுத்தோம். மறுநாள் காலையில ஆறரை மணிக்கு ரூம் காலி. எக்செல்லும் இல்ல.

எட்டு மணிக்கு வந்தாரு. "எங்க போனீங்க?" "இங்கதான்." அடுத்த நாளும் அதே. ஷட்டர் பாதி இறக்கி வச்சிருந்த டீக்கடை வாசல்ல அவரைப் பார்த்ததா ஒருத்தர், தெற்குத் தெருவுல பார்த்ததா இன்னொருத்தர். மாஸ்க் தாடையில.

இதுல ஒரு சிக்கலை நீங்க புரிஞ்சுக்கணும். எங்க வீட்ல பெரியப்பாவை யாரும் கேள்வி கேட்க முடியாது. அப்பா அவருக்குத் தம்பி, இன்னிக்கும் அண்ணன் எதிர்ல கால் மேல கால் போட மாட்டாரு. பெரியம்மா கேட்டா ஒரு முறைப்பு. அம்மா நேரா பேசவே மாட்டாங்க, கதவு பின்னாடி நின்னு "மாமாவை கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க"ன்னு காத்துகிட்ட சொல்லுவாங்க. மிச்சம் நான்.

நான் என்ன பண்ணேன்? இஞ்சினியர்தானே. லேப்டாப்பை ஜன்னல் வழியா காட்டி, ஒருத்தர்கிட்டேருந்து எத்தனை பேருக்குப் பரவும்னு கிராஃப் போட்டேன். அவரு பொறுமையா பார்த்துட்டு, "நல்லாருக்கு தம்பி, கலரு"ன்னாரு. வண்டி சாவியை ஒளிச்சு வச்சேன். நடந்து போனாரு, மூச்சு வாங்க வந்தாரு. அது இன்னும் மோசம். கடைசியா சட்டத்தை எடுத்தேன். தனிமைப்படுத்தல் விதியை மீறினா 500 ரூபா அபராதம்னு 2020 செப்டம்பர்லயே தமிழ்நாட்டுல அறிவிச்சாச்சு, போலீஸ்ல நானே சொல்லுவேன்னேன். அவரு சட்டைப் பாக்கெட்லேருந்து ஒரு ஐந்நூறு ரூபா நோட்டை எடுத்து ஜன்னல் திட்டுல வச்சாரு. "இந்தா, கட்டிடு."

நிஜமாவே அழுகை வந்துச்சு எனக்கு. உள்ரூம்ல ஆயா இருமினா எனக்குப் படபடன்னு இருக்கும். ஆயா தடுப்பூசி போட்டுக்கல. ஏப்ரல்ல போகலாம்னு இருந்தாங்க. நடிகர் விவேக் ஊசி போட்ட ரெண்டாம் நாள் மாரடைப்புல இறந்தப்போ, ரெண்டுக்கும் சம்பந்தம் இல்லைன்னு டாக்டருங்க சொல்லியும், எங்க தெருவே பின்வாங்கிடுச்சு.

அந்த நேரத்துல ராத்திரி தூக்கம் வராம நிறைய படிச்சேன். இங்கிலாந்துல அறிகுறி இருந்தவங்ககிட்ட ஒரு பெரிய சர்வே எடுத்து, அந்த மார்ச் கடைசியிலதான் பிஎம்ஜே இதழ்ல போட்டிருந்தாங்க. முழுசா வீட்டுக்குள்ளயே இருந்தோம்னு சொன்னவங்க 42.5 சதவீதம்தான். நம்ம ஊர்ல மட்டும்தான் இப்படின்னு நினைச்சிருந்தேன். வெளிய போனவங்க சொன்ன காரணங்கள்ல மளிகை, மருந்து, வயசானவங்களைப் பார்த்துக்கிறது எல்லாம் இருந்துச்சு. அங்க வருமானம் குறைவா இருக்கிறவங்களுக்கு வீட்ல இருக்கிறதுக்காக 500 பவுண்டு குடுத்தாங்க. இங்க வெளிய வந்தா 500 ரூபா. ரெண்டு ஐந்நூறு!

இன்னொண்ணு மேரி மேலன் கதை. நியூயார்க் சமையல்காரம்மா. உடம்புல டைபாய்டு கிருமி, அவங்களுக்கு ஒண்ணும் பண்ணல, ஆனா சமைச்ச வீடெல்லாம் படுத்துச்சு. 1907-ல பிடிச்சு ஒரு தீவுல வச்சாங்க. இனிமே சமைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்ததும் 1910-ல விட்டாங்க. 1915-ல பார்த்தா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில வேற பேர்ல சமைச்சுக்கிட்டு இருக்காங்க. திரும்பவும் தீவு, 1938-ல சாகுற வரைக்கும். உலகமே அவங்களை வில்லியாத்தான் பேசுது. சமையல்தான் அவங்களுக்குக் கொஞ்சம் நல்ல சம்பளம் தர்ற வேலைன்றதை யாரும் பெரிசா பேசுறதில்ல.

நானும் அதுவரைக்கும் பெரியப்பாகிட்ட "போகாதீங்க"ன்னு நூறு தடவை சொல்லியிருப்பேன். "எதுக்குப் போறீங்க"ன்னு ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்கல. "எங்க போனீங்க"ன்னு கேட்டது எல்லாம் போலீஸ் கேள்வி.

பதில் தானா வந்துச்சு. பெரியப்பா தூங்கும்போது அவரோட பட்டன் போன் ஜன்னல் திட்டுல அடிச்சுது, எடுத்தேன். மலையிலேருந்து. லைன் விட்டு விட்டு வந்துச்சு. அப்போ அவங்க ஊர்ல ஒரு வளைவுல நின்னாதான் டவர். "அண்ணே, சனிக்கிழமை நீங்க வர்றீங்கள்ல? பொண்ணுக்கு நகை மீட்கணும். வைகாசி முகூர்த்தம்."

சீட்டு. பெரியப்பா சீட்டு நடத்துறாருன்னு எனக்குத் தெரியும், ஆனா ஏதோ பொழுதுபோக்குன்னு நினைச்சிருந்தேன். இருபது பேரு, ஆளுக்கு ரெண்டாயிரம். பாதிப் பேர் கீழ, பாதிப் பேர் மலை மேல. அந்த மாசம் நாப்பதாயிரம் எடுக்கிறவரு இந்தப் பொண்ணோட அப்பா. ஊரடங்குல கீழ ஏழு பேர் கட்டல. விடியக் காலையில அந்த ஏழு வீட்டுக்குத்தான் நம்ம ஆளு நடையா நடந்திருக்காரு. சனிக்கிழமை ஜுரத்தோட வண்டியை எடுத்துக்கிட்டு மலை ஏறி, கல்யாண வீட்ல வெத்தலை பாக்கு வச்சுப் பணம் குடுக்கிறதா பிளான். அந்த வீட்ல எத்தனை கிழவங்க, எத்தனை குழந்தைங்க! மூச்சுத் திணறினா மலைப்பாதை முழுக்க இறங்கி வரணும். தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 பேருக்குப் பாசிட்டிவ் வந்துச்சே, அதே வாரம்.

"ஏன் பெரியப்பா சொல்லல?" "சொன்னா? முப்பது வருஷமா நான் தேதி தவறுனதில்ல. கொரோனா வந்துச்சுன்னு பணத்தை அமுக்கிட்டான்னு மலையில பேசுவாங்க."

உடனே ஹீரோ மாதிரி "நான் கொண்டுபோய் குடுக்கிறேன்"னேன். ஹெல்மெட்டை எடுத்தப்புறம்தான் அம்மா கேட்டாங்க, "நீ மட்டும் யாராம்?" கரெக்ட். ஒரே வீட்டுக்காரன், நானும் வீட்டுக்குள்ள இருக்க வேண்டியவன். நல்ல காரணம் கிடைச்சா விதியை மீற எனக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகல.

அப்புறம் வேலையைப் பிரிச்சோம். ஏழு பேர்ல நாலு பேர் எனக்கு ஜிபே பண்ணாங்க. மூணு பேரோட பாக்கிக்கு நான் சம்பளத்துலேருந்து போட்டேன், ஒருத்தங்க இன்னும் தரல. பெரியப்பா ஏற்கனவே வசூல் பண்ணி வச்சிருந்த கேஷ் ட்ரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்னு விட்டோம். அவரு எச்சில் தொட்டுத்தான் நோட்டு எண்ணுவாரு! அதுக்கு ஈடா அப்பா தன் அக்கவுன்ட்லேருந்து அனுப்பினாரு. பொண்ணோட அண்ணன் திருப்பூர்ல வேலை பார்த்து ஊரடங்குக்கு வந்திருந்தான், அவனுக்கு பேங்க் அக்கவுன்ட் இருந்துச்சு. அவன் அந்த வளைவுல நின்னு "வந்துடுச்சுண்ணே"ன்னு சொன்னதை ஸ்பீக்கர்ல போட்டேன். பெரியப்பா ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நோட்டைத் திறந்து, தேதி எழுதி, டிக் போட்டாரு.

ஆனாலும் மறுநாள் கதவைத் திறந்தாரு. பணம் போயிடுச்சு, ஆனா அந்த வெள்ளைக் கோட்டைத் தாண்டி நாலு பேர் கண்ணுல பட்டாதான் மரியாதைன்னு ஒரு எண்ணம். அப்போ ஆயா பேசினாங்க. வீட்ல அவரை அதட்டக்கூடிய ஒரே ஆள். உள்ரூம்லேருந்தே, "எப்பா, அம்மை போட்டிருந்தா இப்படித் தெருவுல போவியா?"

அவரு நின்னுட்டாரு. அம்மை போட்ட வீடு எங்க ஊர்ல எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். வாசல்ல வேப்பிலை. வெளியாளு உள்ள வரமாட்டாங்க, வீட்டு ஆளுங்க விசேஷத்துக்குப் போகமாட்டாங்க. தண்ணி ஊத்துற வரைக்கும் அப்படித்தான். இதுக்கு போலீஸும் கிடையாது, ஃபைனும் கிடையாது. யாரும் அந்த வீட்டைக் கேவலமா பேசுறதும் இல்ல, அம்மா வந்திருக்காங்கன்னு கும்பிட்டுட்டுத்தான் போவாங்க. ஆயா சொல்ல, பெரியம்மா பின்கட்டு மரத்துல ஒரு கொத்து ஒடிச்சு நிலையில சொருகினாங்க. வேப்பிலை கொரோனாவைத் தடுக்கும்னு நான் சொல்ல வரல, தயவுசெஞ்சு ஃபார்வர்டு பண்ணிடாதீங்க. அன்னிக்கு சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வந்து, தெருவுல நின்னே, "மாமா எப்படி இருக்காரு"ன்னு கேட்டாங்க. பெரியப்பா பத்து நாளும் முடிச்சாரு.

இங்கயே நிறுத்தினா அழகான கதை. ஆனா 20-ஆம் தேதி ஆயாவுக்கு ஜுரம். 23-ஆம் தேதி ஆக்சிஜன் 90. காருக்குள்ள அவங்களை வச்சுக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல மூணு மணி நேரம் பெட்டுக்குக் காத்திருந்தோம். பதினோரு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாங்க, பாதி எடை.

பெரியப்பா எங்களைப் பார்த்துப் பேசவே இல்ல, தன்னாலதான்னு. எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. நானும் அவங்க நினைக்கட்டும்னு விட்டுட்டேன். இதுதான் நான் இத்தனை நாள் பேசாததுக்குக் காரணம். 9-ஆம் தேதி பஸ்ல வந்தேன்னு சொன்னேன்ல? 10, 11 எனக்குத் தொண்டை கரகரப்பு இருந்துச்சு. பஸ் ஜன்னல் காத்துன்னு நினைச்சுக்கிட்டேன். சென்னையிலேருந்து வந்தவன் ஒரு நாள்கூட தனியா இருக்கல. பெரியப்பாகூட ஒரே இலையில சாப்பிட்டேன், ஆயா மடியில தலை வச்சுப் படுத்தேன். அறிகுறி தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிக்கும்னு கிராஃப் போட்டுக் காட்டினவனும் நான்தான். வீட்ல எல்லாரும் டெஸ்ட் எடுத்தப்போ எனக்கு நெகட்டிவ் வந்துச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு தப்பிச்சேன். யார்கிட்டேருந்து யாருக்குன்னு இனிமே கண்டுபிடிக்க முடியாது. ஆனா விதியை முதல்ல மீறின சொந்தக்காரன் பெரியப்பா இல்ல.

வேளச்சேரி தோழி, உங்க வாய்ஸ் நோட்ல பின்னாடி உங்க ஆபீஸ் ஸ்டாண்ட்-அப் மீட்டிங் சத்தம் கேட்டுச்சு. நீங்க மீட்டிங்ல இருக்கும்போது குழந்தையை யாரு பார்த்துக்கிறாங்க? அப்பாதானா? அப்படின்னா அஞ்சு நாள் அந்த வேலைக்கு வேற ஆள் யாருன்னு முதல்ல பாருங்க. அதுக்கப்புறம் அவர்கிட்ட பேசுங்க.

போன மாசம் ஊருக்குப் போனேன். அண்ணன் பையனுக்கு அம்மை. நிலையில வேப்பிலை. பெரியப்பா திண்ணையில சேர் போட்டு உட்கார்ந்திருந்தாரு. நான் செருப்பைக் கழட்டினதும் கையைக் காட்டினாரு. "அங்கயே நில்லு. உனக்கு சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?" அம்மாகிட்ட கேட்டுத்தான் சொல்லணும்னேன். "அப்போ உள்ள வராத. பஸ்ல வேற வந்திருக்க"ன்னாரு. சாப்பாடு திண்ணைக்கு வந்துச்சு. அவரும் தட்டை எடுத்துக்கிட்டு வந்து அந்தக் கோடியில உட்கார்ந்தாரு.