ஜுன்னர்: மலைக்குள் குடைந்த நகரம்

புணே மாவட்டத்தின் வடக்கே, குக்கடி ஆற்றங்கரையில், மலைகள் வளைத்து நிற்கும் ஊர் ஜுன்னர். புணேயிலிருந்து நாசிக் சாலையில் சென்று நாராயண்காவில் மேற்கே திரும்பினால், எல்லாம் சேர்ந்து 95 கிலோமீட்டர் அளவு வரும். இன்று இது ஒரு தாலுகா ஊர். சாதவாகனர் காலத்தில் இது பெரிய வணிக நகரம். சுற்றியுள்ள குன்றுகளில் 200க்கும் மேற்பட்ட பௌத்தக் குடைவரைகள் இருக்கின்றன.

இவ்வளவும் இங்கே வரக் காரணம் நானேகாட் கணவாய். கொங்கணக் கரையிலிருந்து சரக்கு ஏற்றிய மாடுகள் அதன் வழியாகத்தான் மேட்டு நிலத்துக்கு ஏறி வந்தன. கணவாயின் உச்சியில் ஒரு பெரிய கல் தொட்டி உண்டு. சுங்கக் காசு அதில்தான் விழுந்தது என்பது ஊர்ப் பேச்சு. அருகிலுள்ள குகையில் அரசி நாகனிகாவின் நீண்ட பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. வணிகர் வந்த பாதையிலேயே துறவியரும் தங்கினர். மழைக்காலத்துக்கு அவர்களுக்கு இடம் வேண்டியிருந்தது.

குடைவரைகளில் பழமையானது துளஜா தொகுதி. அங்குள்ள சைத்தியம், அதாவது வழிபாட்டு மண்டபம், வட்ட வடிவம். நடுவில் தூபி, அதைச் சுற்றி அலங்காரமே இல்லாத 12 எண்பட்டைத் தூண்கள், மேலே குவிமாடம். மேற்கு இந்தியக் குடைவரைகளில் இந்த அமைப்பு மிக அரிது.

ஊருக்கு வடக்கே லேண்யாத்ரி. ஏறக்குறைய 300 படிகள் ஏற வேண்டும். ஏழாம் குகை தூணே இல்லாத அகன்ற விகாரை, துறவியர் தங்கும் இடம். மூன்று பக்கமும் அவர்களின் அறைகள். அதில்தான் இப்போது அஷ்டவிநாயகர்களுள் ஒருவரான கிரிஜாத்மஜ கணபதி குடியிருக்கிறார். பக்கத்திலுள்ள ஆறாம் குகை சைத்திய மண்டபம். தூண்களின் தலையில் யானை, சிங்கம், புலி. அண்ணாந்து பார்த்தால் கூரையில் வளைந்த விட்டங்கள் வரிசையாகத் தெரியும். பார்வைக்கு மரச்சட்டம், அத்தனையும் கல். கார்லா குடைவரையில் மரத்தால் பொருத்திய வேலையை இங்கே தச்சனின் கணக்கு மாறாமல் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். கல்யாண் ஊர்க்காரரின் கொடை இது என்று வாசலில் எழுத்து சொல்கிறது.

ஜுன்னரின் உண்மையான செல்வம் இந்த எழுத்துகளே. ஏழு அறைகள் கொண்ட ஒரு குகையையும் நீர்த்தொட்டியையும் கொடுத்தது தானிய வணிகர் சங்கம். மூங்கில் வேலைக்காரர், கன்னார் ஆகியோரின் சங்கங்களில் முதலீடு செய்து, அதன் வருமானத்தை அறத்துக்கு ஒதுக்கியதைச் சொல்கிறது மற்றொரு கல்வெட்டு. மன்மோடி மலையில் கஜலட்சுமி செதுக்கிய முகப்பைத் தந்தவர் சந்தர் என்ற யவனர். சிவநேரி மலையில் உணவுக்கூடத்தையும் நீர்த்தொட்டிகளையும் கொடுத்தவர்களும் யவனர்களே. முசிறிக்கும் புகாருக்கும் வந்த யவனரைச் சங்கப் பாடல்களில் அறிந்தவர்களுக்கு, இங்கே அவர்கள் பெயரோடு எதிர்ப்படுவது பெரும் வியப்பு.

அதே சிவநேரி மலையிலுள்ள கோட்டை 1630இல் சிவாஜி பிறந்த இடம். பெரும்பாலோர் ஜுன்னருக்கு வருவது அதற்காகவும் கணபதிக்காகவுமே. லேண்யாத்ரியில் கும்பிட்டு முடித்தவர்கள் படியிறங்குமுன் ஆறாம் குகைக்குள்ளும் ஒருமுறை சென்று, அந்தக் கூரையை நின்று பார்த்துவிட்டு வர வேண்டும்.