மனையும் வாக்குறுதியும்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டித் திருப்போரூரில் இளைஞர்களுக்கு ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்தறிவித்து வரும் சங்கத்தின் மேடையிலே கல்வியின் பெருமையைப் பேசுவதற்கு அறிஞர்கள் பலர் வந்திருக்கிறார்கள். நான் அக்கல்வியின் ஒரேயொரு பயனைப் பற்றி மட்டும் பேச விழைகிறேன். படித்து, வேலைக்குச் சென்று, சிறுகச் சிறுகச் சேமித்துச் சொந்த வீடு கட்ட முனையும் நம் பிள்ளைகள், மனை விற்பவரின் இனிய சொற்களைக் கேட்கும் அந்த நேரத்தில் தாம் கற்ற கல்வியை மறந்துவிடலாகாது என்பதே என் உரையின் பொருள்.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இன்றைய திருப்போரூரில் வாழும் நாம் அதற்கு முன்னால் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டைக் கட்டுமுன் மனையைப் பார். மனைக்கு முன்பணம் கொடுக்குமுன் பத்திரத்தைப் பார்.

மனை என்பது நமக்கு வெறும் நிலத்துண்டு அன்று. அதன் காரணத்தை நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். செங்கல்பட்டுச் சீமையில் மிராசு முறை ஆழ வேரூன்றியிருந்தது. விளைநிலத்தின் மீது மட்டுமன்றி, சேரியில் நம் முன்னோரின் குடிசை நின்ற மனையின் மீதும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினர். கூலி போதாது என்று வாய் திறந்தவனைக் குடியிருப்பை விட்டே வெளியேற்றிவிடுவோம் என்று அச்சுறுத்த அவ்வுரிமை கருவியாயிற்று. 1891 ஆம் ஆண்டில் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமென்ஹீர் என்பார் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு விரிவான அறிக்கை அனுப்பினார். நிலமும் குடியிருப்பு மனையும் அவர்களுக்கே உரிமையாக வேண்டும் என்பது அவ்வறிக்கையின் சாரம். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30 ஆம் நாள் 1010 ஆம் எண்ணுள்ள அரசாணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று வழங்கும் நிலங்களின் வரலாறு அங்கே தொடங்குகிறது. சென்னை மாகாணமெங்கும் அவ்வாறு ஒதுக்கப்பட்ட நிலம் ஏறத்தாழ 12 இலட்சம் ஏக்கர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

அந்நிலத்தை இழந்த கதையையும் நாம் அறிவோம். பத்து ஆண்டுகள் வரை விற்கலாகாது; அதன் பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கன்றிப் பிறருக்கு விற்கலாகாது என்னும் நிபந்தனை பட்டாவிலேயே இருந்தது. படிக்கத் தெரியாத கைகள் வெற்றுத் தாளில் பெருவிரல் ரேகை வைத்தன, நிலம் கைமாறிற்று. 1994 அக்டோபர் 10 ஆம் நாள், காரணைப் பஞ்சமி நிலத்திற்காக எழுந்த போராட்டத்தில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் துறந்தனர். ஒரு துண்டு நிலத்திற்கும் ஒரு துண்டுத் தாளுக்கும் நாம் கொடுத்த விலை அது.

தோழர்களே! அன்று ஏமாந்தவர்கள் எழுத்தறியாதவர்கள். இன்று ஏமாறுகிறவர்கள் பட்டதாரிகள். இதுதான் என்னை வருத்துகிறது.

பழைய மாமல்லபுரம் சாலை இராஜீவ் காந்தி சாலை ஆகிவிட்டது. சிறுசேரியில் கணினி நிறுவனங்கள் எழுந்தன. கேளம்பாக்கம் முதல் திருப்போரூர் வரையிலும், அதற்கு அப்பாலும், வயல்களில் எல்லைக் கற்கள் நட்டு வண்ணக் கொடிகள் கட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் இலவச வண்டி, இலவச உணவு. "இன்றே பதிவு செய்தால் தங்க நாணயம்" என்னும் ஆசை வார்த்தை. இவற்றையெல்லாம் குற்றம் என்று நான் சொல்லவில்லை. விற்பவர் தம் பொருளைப் புகழத்தான் செய்வார். ஆனால் புகழ்ச்சி ஒன்று, உறுதிமொழி வேறொன்று. புகழ்ச்சி காற்றோடு போகும். உறுதிமொழி தாளில் நிற்கும். ஆகவே அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய தாள் எது என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலாவது சொல், "அப்ரூவல் வாங்கிவிட்டோம்" என்பது. யாரிடம் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று விடை வந்தால் எச்சரிக்கை கொள்ளுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் தொழில்நுட்ப அதிகாரம் நகர் ஊரமைப்பு இயக்ககத்திற்கோ, அதன் எல்லைக்குட்பட்ட இடமாயின் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்திற்கோ உரியது. ஊராட்சித் தலைவரின் கையொப்பம் மட்டும் அதற்கு ஈடாகாது. 2016 செப்டம்பர் 9 ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, தமிழகமெங்கும் எத்தனையோ குடும்பங்கள் தாம் வாங்கிய மனையை விற்கவும் இயலாமல், அதில் வீடு கட்டக் கடன் பெறவும் இயலாமல் திகைத்தன. 2017 இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. ஆயினும் 2016 அக்டோபர் 20 ஆம் நாளுக்கு முற்பட்ட மனைகளுக்கே அவை வழி செய்தன. நீர்நிலைகளில் அமைந்த மனைகளுக்கு அவ்வழியும் இல்லை. அங்கீகார எண்ணையும் வரைபடத்தையும் வாங்கி, உங்களுக்குக் காட்டப்பட்ட மனையின் எண் அவ்வரைபடத்தில் இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது சொல், "பூங்கா வரும், தார்ச்சாலை வரும், நுழைவாயில் வரும்" என்பது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொதுவிடமாக விடப்பட வேண்டும். அவ்விடமும் சாலைகளும் தானப் பத்திரத்தின் வாயிலாக உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். பூங்கா என்று விளம்பரத்தில் வரைந்த இடத்தை நாளை மனையாக்கி விற்றுவிட்டால் கேட்பதற்கு உங்கள் கையில் என்ன இருக்கும்? அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும் தானப் பத்திரத்தின் நகலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது சொல், "கடற்கரைக்கு ஐந்தே நிமிடம், மாமல்லபுரத்திற்கு அருகில்" என்பது. அருகில் இருப்பதே சில சமயம் தடையாகும். கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள பகுதி கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டது. மாமல்லபுரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கட்டலாகாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2010 இல் திருத்தப்பட்ட சட்டம் இதைக் கூறுகிறது. மேலும், கோடையில் காட்டும் மனையை மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைப் புறநகரின் தாழ்நிலங்களில் கட்டிய வீடுகள் எப்படி மூழ்கின என்பதைக் கண்டோம். அண்டை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சுவைத்துப் பாருங்கள். உப்பளங்களும் உப்பங்கழியும் உள்ள வட்டாரம் இது.

நான்காவதாக, அவர்கள் சொல்லாமல் விடும் சொல் ஒன்று உண்டு. அந்நிலத்தின் பழைய வரலாறே அது. மூலப்பத்திரத்தையும், முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத வில்லங்கச் சான்றையும், பட்டா, புலப்பட நகல், 'அ' பதிவேட்டுப் பகுதி ஆகியவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஏரிப் புறம்போக்கா, மேய்க்காலா, கோயில் நிலமா, ஒப்படை நிபந்தனைக்குட்பட்ட நிலமா என்பதை அவை காட்டிக்கொடுக்கும். விற்பவர் உரிமையாளராக இன்றி, 'பவர்' எனப்படும் அதிகார ஆவணம் பெற்றவராக இருந்தால், அதைக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா, அதை இரத்து செய்துவிட்டாரா என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரியுங்கள். கொடுத்தவர் மறைந்தால் அந்த அதிகாரமும் பொதுவாக மறைந்துவிடும்.

இவ்விடத்தில் நம் சமூகத்திற்கு இரட்டைப் பொறுப்பு உண்டு. பஞ்சமி நிலத்தைக் கூறுபோட்டு விற்கும் தரகர் இரு பக்கமும் பொய் சொல்கிறார். நம் பெரியவரிடம் "நிபந்தனைக் காலம் முடிந்துவிட்டது, விற்கலாம்" என்கிறார். வாங்க வருபவரிடம் "வில்லங்கம் ஏதுமில்லை" என்கிறார். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அரசு அந்நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். நம்மவர் நிலத்தை இழக்கிறார். வாங்கியவர் பணத்தை இழக்கிறார். தரகர் ஒருவரே பிழைக்கிறார். 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நிலம் எடுத்து ஆதி திராவிடர் நலத்துறை வழங்கிய இலவச மனைப் பட்டாக்களிலும் நிபந்தனைகள் உண்டு. வீட்டிலுள்ள பட்டாவை இன்றிரவே எடுத்து, பெரியவர்கள் கேட்க உரக்கப் படியுங்கள். அதுவே நீங்கள் செய்யும் முதல் தொண்டாக இருக்கட்டும்.

இனி, சட்டம் நமக்குத் தரும் துணையைக் கூறுகிறேன். 2016 ஆம் ஆண்டு மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவையும், 8 வீடுகளுக்கு மேற்பட்ட அடுக்குமாடித் திட்டத்தையும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவும் கூடாது. விளம்பரத்திலேயே பதிவு எண் இருக்க வேண்டும். பதிவு பெற்ற விற்பனை ஒப்பந்தம் எழுதுமுன் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் கேட்கலாகாது. விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவர், தாம் அடைந்த இழப்புக்கு ஈடு பெறலாம். வாங்க விருப்பமில்லையெனில் வட்டியோடு முழுத் தொகையையும் திரும்பப் பெறலாம். கட்டி ஒப்படைத்த வீட்டில் ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தோன்றினால் விற்றவரே செலவின்றிச் சரிசெய்து தர வேண்டும். ஆகவே விளம்பரத் தாளைக் குப்பையில் எறியாதீர்கள். பணம் கொடுத்த ரசீதோடு அதையும் பத்திரப்படுத்துங்கள். கைப்பேசியில் அனுப்பிய செய்தியையும் அழிக்காதீர்கள். நாளை உங்களுக்காகப் பேசப்போகும் சாட்சிகள் அவையே.

சொந்த மனையில் மேஸ்திரியையோ ஒப்பந்தக்காரரையோ வைத்து வீடு கட்டுவோர்க்கு அந்த ஆணையம் துணை வராது. அங்கே உங்கள் ஒப்பந்தமே அரண். "சதுர அடி இவ்வளவு" என்ற ஒற்றை வாக்கியத்தில் வேலையை ஒப்படைக்காதீர்கள். எந்தப் பரப்புக்கு அந்த விலை? படிக்கட்டும் வராந்தாவும் சேருமா? தண்ணீர்த் தொட்டி, கழிவுத் தொட்டி, சுற்றுச்சுவர், மின் இணைப்பு, வரைபட அனுமதிச் செலவு இவையெல்லாம் அடக்கமா, புறம்பா? கம்பி, சிமெண்டு, மணல், கதவு, தரை ஓடு ஒவ்வொன்றும் எந்த வகை, எந்தத் தரம்? இவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பணத்தை அடித்தளம், லிண்டல், மேல்தளம், பூச்சு வேலை என்று முடிந்த வேலைக்கு ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். ஒரு பகுதியைக் கடைசி வரை கையில் வைத்திருங்கள். நம்பிக்கை இல்லாததால் எழுதுகிறோம் என்று யாரும் மனம் நோக வேண்டியதில்லை. நல்ல தொழிலாளிக்கும் அந்தத் தாளே பாதுகாப்பு.

ஏமாற்றம் நேர்ந்துவிட்டால் வெட்கத்தால் வாய்மூடி இருக்காதீர்கள். வீட்டு வசதியும் ஒரு சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993 ஆம் ஆண்டில், இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவின் வளர்ச்சி ஆணைய வழக்கில் தீர்ப்பளித்தது. ஆகவே நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். கொடுத்த தொகை 50 இலட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். வழக்கறிஞர் இன்றி நீங்களே வாதிடலாம். வழக்கறிஞர் வேண்டுமெனில், 1987 ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பட்டியல் வகுப்பினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உரியது. இது சலுகையன்று, உரிமை. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

நிறைவாகச் சங்கத்தினரிடம் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறன்று, மனை வாங்க எண்ணுவோர் தம் தாள்களைக் கொண்டுவரட்டும். படித்த இளைஞர் நால்வர் உடனமர்ந்து படித்து விளக்கட்டும். பத்திரம் எழுதும்போது மனைவியின் பெயரும் இடம்பெற வேண்டும் என்பதை அங்கேயே எடுத்துச் சொல்லுங்கள். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு மேசையும் சில நாற்காலிகளும் போதும்.

நம் முன்னோர்க்குக் குடியிருந்த மனை சொந்தமில்லை. நம் பெற்றோர்க்கு மனை கிடைத்தும் பட்டாவைப் படிக்கத் தெரியவில்லை. நமக்கோ படிக்கவும் தெரியும், கேட்கவும் தெரியும், வழக்காடவும் தெரியும். இத்தனை இருந்தும் ஒரு தங்க நாணயத்திற்கும் ஒருவேளைச் சோற்றுக்கும் மயங்கிக் கையொப்பமிடுவோமாயின், இருபத்தைந்து ஆண்டுக் கல்விப் பணிக்கு நாம் என்ன கைம்மாறு செய்தவர்களாவோம்? படியுங்கள், கேளுங்கள், எழுதி வாங்குங்கள், பிறகு கட்டுங்கள். நீங்கள் எழுப்பும் வீடு உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் நிலைக்கட்டும்.