கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் நான். இணையத்தில் பட்டாளக்காரர் வேஷம் போட்டு, அன்பாகப் பேசிப் பணம் கறக்கிற மோசடியைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நம் ஊரில் பட்டாளத்துக்கு ஆள் போகாத தெரு குறைவு. அந்த உடுப்புக்கு நாம் கொடுக்கும் மரியாதைதான் மோசடிக்காரனுக்கு முதல்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடம் முன்பு ஒரு அம்மா கவுண்டருக்கு வந்தார். கணவர் தவறிவிட்டார், பிள்ளைகள் வெளியூரில். வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுத்து, டெல்லியில் ஒருவர் கணக்குக்கு நெஃப்ட் அனுப்பினார். அடுத்த வாரம் வேறு பெயர், வேறு ஊர். மூன்றாம் முறை வந்தபோது, வரிசையில் பத்துப் பேர் நிற்கையில், “யாரும்மா இவங்கெல்லாம்? யாரும் உங்களை ஏமாத்துறாங்களா?” என்று சத்தமாகக் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. “சொந்தக்காரங்க சார்” என்றார். அதன்பின் எங்கள் கிளைக்கு வரவில்லை. மீதிப் பணம் வேறு வழியில் போய்விட்டது.

சில மாதம் கழித்து மகனோடு வந்தார். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. ‘வெளிநாட்டு ராணுவ அதிகாரி’ ஒருவன் பேஸ்புக்கில் பழகி, நகைப் பெட்டி அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறான். பெட்டியைச் சுங்கத்தில் பிடித்துவிட்டார்கள், வரி கட்டு, அபராதம் கட்டு என்று தொடர்ந்து போன் வந்திருக்கிறது.

நான் கேட்ட கேள்வி சரி, கேட்ட இடம் தப்பு. அது இன்றும் மனதை உறுத்துகிறது.

படிக்காதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2016இல் ஜப்பானியப் பெண் ஒருவரிடம், சிரியாவில் இருக்கும் அமெரிக்க ராணுவ கேப்டன் என்று ஒருவன் பழகினான். வைரப் பை கிடைத்திருக்கிறது, வெளியே கொண்டுவர உதவு என்று கதை விட்டான். பத்து மாதத்தில் 2 லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டது. அக்கா தங்கையிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கி அனுப்பியிருந்தார். 2019 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலிஸில் வெளியான, 80 பேர் மீதான வழக்கில் இந்தச் சம்பவமும் உண்டு.

கதை மாறினாலும் முறை ஒன்றுதான். யாரோ உண்மையான சிப்பாயின் படத்தைத் திருடிப் போடுவான். பேச்சை வாட்ஸ்அப்புக்கு மாற்றுவான். வீடியோ காலுக்குக் கூப்பிட்டால், “முகாமில் அனுமதி இல்லை” என்பான். யாரிடமும் சொல்லாதே என்பான். பிறகு லீவுக்குப் பணம், வைத்தியத்துக்குப் பணம். நம் பிளாக்கில் உள்ள பட்டாளத்து அண்ணாச்சிகளைக் கேட்டுப் பாருங்கள். எந்த ராணுவத்திலும் காசு கட்டி லீவு வாங்குவதில்லை.

வீடு வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. “ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகி வருகிறேன், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள்” என்பதும் இதே வேஷம்தான். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை.

வங்கிக்காரனாக நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். பணம் போகிற கணக்கு யார் பெயரில் இருக்கிறது? சுங்க வரி அரசுக்குச் சேர வேண்டியது, எந்தத் தனி ஆளின் சேமிப்புக் கணக்குக்கும் போகாது. முன்பெல்லாம் நெஃப்டில் எண்ணை மட்டும் பார்த்தே பணம் சேரும். ரிசர்வ் வங்கி சொன்னபடி, 2025 ஏப்ரல் முதல் அனுப்பும் முன்பே பெறுபவர் பெயரைப் பார்க்கும் வசதி வந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பணம் போய்விட்டால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, ஆகவே ஒவ்வொரு நிமிடமும் காசு. உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். சைபர்கிரைம்.ஜிஓவி.இன் தளத்தில் புகார் பதியுங்கள். வெட்கப்பட்டு வாட்ஸ்அப் பேச்சை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. “போன பணத்தை மீட்டுத் தருகிறேன், முன்பணம் கட்டு” என்று பிறகு வருகிறவனும் திருடனே.

கடைசியாகப் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒன்று. தனியாக இருக்கிற ஒருவரிடம் “சாப்பிட்டாச்சா” என்று தினமும் கேட்க ஒரு குரல் வந்தால், அதை விடுவது லேசில்லை. இந்த வயசில் இது தேவையா என்று ஏளனம் செய்தால், அடுத்த முறை நம்மிடம் சொல்ல மாட்டார்கள், அவனிடம்தான் சொல்வார்கள். தனியாகக் கூப்பிட்டு, ஒரு காப்பி கொடுத்து, பையக் கேளுங்கள். நான் அன்று செய்யத் தவறியது அதுதான்.

நம் குடியிருப்பில் யாருக்காவது சந்தேகம் இருந்தால், பணம் அனுப்பும் முன் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். விஷயம் என்னைத் தாண்டிப் போகாது.