சிரமதானமும் தலைமையும்



தொண்டர் பகுதித் தலைவர்களை வழிநடத்துவது எவ்வாறு என்பதுபற்றிப் பேசும்படி எமக்குக் கட்டளையிட்டிருக்கின்றீர்கள். பரீட்சைக்கு இன்னும் பயந்துகொண்டிருக்கும் ஒரு பல்கலைக்கழக மாணவனுக்குத் தலைமையைப்பற்றிப் பேச என்ன தகுதி என்று சிலர் நினைக்கலாம். நாமும் அவ்வாறே நினைத்தோம். ஆயினும், சென்ற ஆவணி விடுமுறையிலே ஒரு கிராமத்துப் பாடசாலையில் நடந்த சிரமதானத்தில் நாம் ஒரு பிழை விட்டோம். அதைச் சொல்லும் தகுதி எம்மைத் தவிர வேறொருவருக்கும் இல்லை.

சிரமதானம் என்பது இன்று சிறு பிள்ளைகளும் அறிந்த சொல். 1958ஆம் ஆண்டிலே, கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியராயிருந்த ஆரியரத்ன அவர்கள் தம் மாணவரைக் கனத்தொலுவைக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று வேலை செய்வித்த பின்னர், அது நாடெங்கும் பரவிற்று. செயலோ நமக்குப் புதிதன்று. அப்பர் சுவாமிகளின் கையிலே உழவாரம் இருக்கின்றது. நம் வீட்டுக் கோடியிலும் ஒன்று இருக்கின்றது. ஆனால் தேய்ந்தது அவருடையதுதான்.

வேலையை ஆறு பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரை நியமித்தோம். எப்படி நியமித்தோம் தெரியுமா? பேச்சுப் போட்டியிலே பரிசு பெற்றவர்களுக்கு முதலிடம். கிணறு துப்புரவாக்கும் பகுதியை மாத்திரம் ஒருவரும் ஏற்கவில்லை. ஆகவே, தகப்பனாரோடு தோட்டஞ் செய்யும், அதிகம் பேசாத ஒரு தம்பியிடம் அதை ஒப்படைத்தோம். அதிபரை இரண்டு முறை கண்டோம். மண்வெட்டி, கடகம், அலவாங்கு எல்லாம் எண்ணி வைத்தோம். தேநீருக்குச் சீனி போதாமற் போனதைத் தவிர ஆயத்தத்தில் ஒரு குறையுமில்லை.

காலை பத்து மணியிருக்கும். கிணற்றடியிலே சத்தம் கேட்டு ஓடினோம். நீர் கீழே இறங்க இறங்க, மேலே வைத்திருந்த இறைப்பு இயந்திரம் இழுக்க மறுத்துவிட்டது. அதைக் கயிற்றிற் கட்டிக் கிணற்றுக்குள் இருந்த தட்டிலே இறக்கி ஓட்டலாம் என்றார்கள் தொண்டர்கள் இருவர். கூடாது என்று மறித்து நின்றார் அந்தத் தம்பி. நண்பகலில் கல்வி அதிகாரியும் ஊர்ப் பெரியோரும் வருவதாயிருந்தது. எமக்கு அந்த நினைவே நினைவு.

“தம்பி, நேரம் போகுது. பயமெண்டால் நீர் விலகும், வேறை ஆள் இறங்கட்டும்” என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னோம்.

அவர் குரலை உயர்த்தவில்லை. “அண்ணை, என்னை விலக்குங்கோ. ஆனால் மிசினை உள்ளுக்கு இறக்க விடமாட்டன். புகை கிணத்துக்கை நிக்கும். இறங்கினவன் ஏறமாட்டான்.”

விளக்கை இறக்கிப் பார்ப்போம், அது எரிந்தால் அபாயமில்லையே என்றார் ஒருவர். காற்றுக் குறைந்தாற்றான் விளக்கு அணையும். இயந்திரப் புகையின் நஞ்சு, விளக்கு எரியும்போதே ஆளைக் கொல்லும் என்றார் தம்பி.

இவ்விடத்திலே நாம் வெட்கத்தோடு ஒன்று சொல்லவேண்டும். நாம் இரசாயனம் பயில்பவர். காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். பரீட்சையிற் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவோம். கிணற்றுக்கட்டிலே நின்றபோது அதில் ஓரெழுத்தும் எம் நினைவுக்கு வரவில்லை.

நாம் படித்தது ஒரு மிஷன் பாடசாலை. பெரியோர்கள் முகஞ்சுளிக்க வேண்டா. நாவலர் பெருமானும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் படித்தவரே. (அவர் 1848இலே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடக்கினார், நாம் இன்னும் படித்துக்கொண்டே இருக்கின்றோம்.) அங்கே மாணவ முதல்வராயிருந்து, மேலிருந்து வரும் சொல்லுக்குக் கீழ்ப்படியவும், கீழே உள்ளோரைக் கீழ்ப்படுத்தவும் நன்றாய்ப் பழகினோம். நாமே நியமித்த ஒருவர் எம் முகத்துக்கு நேரே மாட்டேன் என்றால் என்ன செய்வது என்பதை எவரும் பழக்கவில்லை. தலைவர்களுக்குத் தலைமை வகிப்பவனுக்கு அந்தப் பழக்கமே முதலில் வேண்டியது என்று இப்பொழுது நினைக்கின்றோம். கிணற்றை அறிந்தவர் அவர். பொறுப்பையும் அவரிடமே கொடுத்திருந்தோம். கொடுத்ததை விருந்தாளிகளுக்காகத் திருப்பிப் பறிக்கப் பார்த்தோம்.

இயந்திரம் மேலேயே நின்றது. தம்பி, விளக்கு இறக்கிப் பார்த்து, இறங்குவோர் இடுப்பிலே கயிறு கட்டி, வாளியால் இறைப்பித்தார். ஊற்றோ விடாமற் சுரந்தது. அதிகாரி வந்தபோது கிணற்றிற் பாதிச் சேறு கிடந்தது. கிணற்றடி முழுவதும் மீதிச் சேறு. மறுநாள் மாலையிலேதான் வேலை முடிந்தது. இறங்கிய நால்வரும் ஏறி வந்தார்கள்.

எம் கடுஞ்சொல்லைக் கேட்டவுடன் அவர் பகுதியிலிருந்து மூவர் நழுவி மேசைக்கு நிறம் பூசுவோரிடம் போய்விட்டதைப் பின்னரே அறிந்தோம். அதனால் எஞ்சியவர்களின் உள்ளங்கை கொப்பளித்தது. அன்றிரவு தம்பியின் வீட்டுக்குப் போய்த் தனியே மன்னிப்புக் கேட்டோம். அவர் சிரித்து, தேநீர் தந்தார். வழியிலே யோசித்தோம்: கடிந்தது ஐம்பது பேர் முன்னிலையில், மன்னிப்புக் கேட்டது ஒருவர் முன்னிலையில். கணக்குச் சரிவரவில்லை.

அந்தத் தம்பி இதோ இச்சபையிலே கடைசி வரிசையில் இருக்கின்றார். உங்கள் எல்லார் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கின்றோம். வரும் ஆவணியில் இன்னொரு பாடசாலைக் கிணறு இருக்கின்றது. ஆறு பகுதித் தலைவர்களையும், அவர்களின் கீழ் வேலை செய்யப் போகின்றவர்களே தெரிவு செய்யும்படி செயற்குழுவைக் கேட்டிருக்கின்றோம். கிணற்றுக்கு யார் தெரிவாவார் என்பதில் எமக்கு ஐயமில்லை. வாளிக் கயிறு பிடிக்க எம் பெயரை அவரிடம் முன்னதாகவே கொடுத்துவிட்டோம்.