கரும்பெட்டியும் கணினியும்



2022 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கணினியின் காலடியில் இருக்கும் யூ.பி.எஸ். என்னும் கரும்பெட்டியின் அருமையைப் பலர் அந்நாட்களில் உணர்ந்தனர். ஆயினும் அப்பெட்டியோடு வரும் யூ.எஸ்.பி. வடத்தை எவரும் பொருட்படுத்துவதில்லை. பெட்டியைப் பிரித்த அன்றே அது மேசை இழுப்பறைக்குட் போய்விடுகிறது. அந்த வடத்தைப் பற்றியும், அது கொண்டுவரும் செய்தியைக் கேட்கும் மென்பொருளைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறேன்.

சிறிய யூ.பி.எஸ். பெட்டிகளினுள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ற்று ஈய அமில மின்கலம். அது ஒரு கணினியைச் சில நிமிடங்களுக்கே தாங்கும். அந்நிமிடங்கள் வேலையைத் தொடர்வதற்கு உரியவை அல்ல. ஒழுங்காக முடித்துவைப்பதற்கு உரியவை. முன்னால் ஒருவர் அமர்ந்திருந்தால் அவரே முடித்துவைப்பார். ஆனால், கூட்டுறவுச் சங்கமொன்றின் மாதக் கணக்கைக் கணினி பதிவுசெய்துகொண்டிருக்க, இலிகிதர் தேநீர் அருந்தச் சென்றுவிட்டார் என்று வையுங்கள். மின்கலம் ஓயும் கணத்தில் பாதி எழுதிய பேரேடு பாதியிலேயே நிற்கும். மறுநாள் அது திறக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பெட்டி இருந்தும் பயன் என்ன? அது கூவி எச்சரித்தது உண்மைதான். கணினிக்கோ காது இல்லை.

அந்தக் காதுதான் கண்காணிப்பு மென்பொருள். விண்டோஸ் இயங்குதளம் சில பெட்டிகளை, மடிக்கணினியின் மின்கலத்தைப் போலவே, தானாக அறிந்துகொள்ளும். ஏ.பி.சி. நிறுவனத்துப் பெட்டிகளுக்கு ஏ.பி.சி.யூ.பி.எஸ்.டி. என்ற இலவச மென்பொருள் உண்டு. பல நிறுவனங்களின் பெட்டிகளுக்கும் பொதுவாக அமைந்தது நெற்வேர்க் யூ.பி.எஸ். ரூல்ஸ் என்பது. அதனுள் மூவர் வேலை செய்கின்றனர் எனலாம். ஒருவன் பெட்டியின் மொழியை அறிந்த துபாசி. மற்றவன் அச்செய்தியைக் கேட்போர்க்கெல்லாம் அறிவிப்பவன். மூன்றாமவன் காவலன். பெட்டி மின்கலத்தில் ஓடுகிறது என்ற செய்தி மட்டும் வந்தால் காவலன் பொறுத்திருப்பான். மின்கலமும் தாழ்ந்துவிட்டது என்ற செய்தி சேர்ந்து வந்தவுடன் கணினியை ஒழுங்காக நிறுத்துவான்.

தாழ்ந்துவிட்டது என்பதை எப்போது சொல்வது? முன்னர்க் கூறிய ஏ.பி.சி. மென்பொருளில், வேறு மாற்றம் செய்யாவிடின், மின்கலத்தில் 5 சதவீதமோ 3 நிமிடமோ எஞ்சும்போது நிறுத்தம் தொடங்கும். புதிய மின்கலத்துக்கு இது போதும். பழைய மின்கலத்தின் கணக்கை நான் நம்பமாட்டேன். நூறு சதவீதம் என்று திரையிற் காட்டிவிட்டுச் சுமை ஏறியவுடன் சட்டெனச் சரிந்துவிடுவது அதன் இயல்பு. ஆதலால் சதவீதத்தை மட்டும் நம்பாமல், மின்சாரம் போய் 2 நிமிடத்தில் வராவிடின் நிறுத்துக என்று நேரத்தையும் குறித்து வைப்பது நன்று. கண்சிமிட்டும் சிறு தடைகளுக்குக் கணினி அணையாது. நெடுந்தடை வந்தால் மின்கலத்தில் மிச்சமும் இருக்கும். ஒரு தடை நீங்கிய சிறிது நேரத்தில் மறு தடை வருவது நம் அனுபவம். மின்கலம் மீண்டும் நிறையப் பல மணி நேரம் வேண்டும் என்பதால் அந்த மிச்சம் வீண்போகாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கணினி அணையத் தொடங்கிய பின்னர் மின்சாரம் திரும்பிவிட்டால் என்னாகும்? பெட்டி இடையறாது மின்னூட்டிக்கொண்டே இருப்பதால், மின்சாரம் போய் வந்தது கணினிக்குத் தெரியாது. ஒருவர் வந்து பொத்தானை அழுத்தும்வரை உறங்கிக் கிடக்கும். அதனால், கணினி அணைந்தபின் பெட்டியும் தன் வெளியீட்டைச் சற்று நிறுத்தித் திரும்பத் தரவேண்டும் என்ற கட்டளையை மென்பொருளில் இடவேண்டும். மின்சாரம் வந்ததும் எழுக என்பதைக் கணினியின் அடிப்படை அமைப்பிலும் குறிக்கவேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

ஒரே பெட்டியிற் பல கணினிகள் தங்கியிருந்தால், வடம் பூட்டிய கணினி மற்றவற்றுக்கு வலையமைப்பு வழியே செய்தி அனுப்பும். வலையமைப்பை இணைக்கும் சாதனமும் அப்பெட்டியிலேயே பூட்டப்பட்டிருக்க வேண்டும். இன்றேல் இருள் சூழ்ந்தவுடன் செய்தி செல்லும் பாதையும் அறுந்துபோம். லேசர் அச்சுப்பொறியை மட்டும் அதிற் பூட்டாதீர்கள். அது சூடேறும்போது இழுக்கும் மின்னோட்டம் சிறிய பெட்டிக்குத் தாங்காது.

வெப்பம் மின்கலத்தின் பகை. சூழல் வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஈய அமில மின்கலத்தின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பர். நம் நாட்டு அறைகளில் மூன்று ஆண்டு உழைத்த மின்கலத்தை ஐயத்தோடே நோக்கவேண்டும்.

அமைத்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள். கோப்புகளை மூடுங்கள். செருகியைப் பிடுங்காதீர்கள், புவித்தொடுப்பு அறுந்துவிடும். சுவரிலுள்ள ஆளியை மட்டும் நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். எச்சரிக்கை எப்போது திரையில் வந்தது, கணினி எப்போது அணைந்தது, ஆளியை மீண்டும் போட்டபின் தானாக எழுந்ததா என்பவற்றை ஒரு கடதாசித் துண்டில் திகதியோடு எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை இதே சோதனையைச் செய்து, நிமிடங்கள் குறைந்திருக்கின்றனவா என்று அந்தத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.