ட்றம் செற்றுக்குச் சிம்பல் தேடிய கதை

(நூற்றாண்டையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. எங்கள் மண்டபத்து ட்றம் செற்றின் சிம்பல்கள் பற்றித்தான் பேசப்போகிறேன். சங்கம் என்னிடம் தந்த காசுக்குக் கணக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தச் செற் 1960களில் வந்தது. கப்பலில் வேலை செய்த ஒரு மாணவியின் தந்தையார் யப்பானில் வாங்கி வந்து பாடசாலைக்கு அன்பளித்தார் என்று மூத்த அக்காமார் சொல்வார்கள். என்னுடைய காலத்தில், 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. ஒலிபெருக்கி இல்லாமலே பரிசளிப்பு விழா நடக்கும். ட்றம்முக்கு மின்சாரம் தேவையில்லை. பாண்டில் அதை வாசிக்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து பார்த்தபோது ட்றம்கள் களஞ்சிய அறையில் அப்படியே இருந்தன. ஹை-ஹாட் சோடியும் பெரிய சிம்பலும் இல்லை. யாரும் தேடவில்லை. வீடுகளிலேயே கதவு யன்னல் இல்லாமல் இருந்த நேரம் அது.

நூற்றாண்டுக்கு அந்தச் செற்றைத் திருத்துவது என்று சங்கம் முடிவெடுத்தது. தோல்களை மாற்றுவது இலகு. சிம்பல்களுக்கு என்ன செய்வது? "முந்தி இருந்த மாதிரியே வேண்டும்" என்றார்கள். முந்தி எப்படி இருந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

முதல் உதவி ரொறொன்ரோவில் இருக்கும் ஓர் அக்காவிடமிருந்து வந்தது. 1969 பரிசளிப்பு விழாவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஸ்நெயர் ட்றம்மின் குறுக்களவு 14 அங்குலம். அது இன்றும் எங்களிடம் இருப்பதால் அளந்து பார்த்தேன். படத்தில் அடிமட்டத்தை வைத்து ஒப்பிட்டபோது ஹை-ஹாட்டும் ஏறக்குறைய அதே அளவு. பெரியது 16 அங்குலம் இருக்கலாம். படம் எடுத்த கோணத்தில் ஓர் அங்குலம் கூடலாம், குறையலாம்.

தட்டில் பெயர் ஏதும் தெரியவில்லை. அதற்குக் காரணம் நாங்கள்தான். ஒவ்வொரு விழாவுக்கும் முதல் நாள் குத்துவிளக்கோடு சேர்த்துச் சிம்பல்களையும் பழப்புளி போட்டு மினுக்கினோமே! மையால் அச்சிட்ட பெயர் அப்படித் தேய்த்தால் போய்விடும். உலோகத்தில் அழுத்திப் பதித்த முத்திரை மட்டும்தான் தங்கும்.

பெயர் இருந்திருந்தாலும் பெரிதாக உதவியிராது. அந்தக் காலத்தில் யப்பானியத் தொழிற்சாலைகள் ஒரே செற்றை இறக்குமதி செய்பவர் கேட்ட பெயர்களிலெல்லாம் செய்து அனுப்பின. பேர்ள் நிறுவனம் 1946இல் தொடங்கியது. யமஹா 1967இல்தான் ட்றம் செய்யத் தொடங்கியது. இன்றைய தாமா என்ற பெயர் 1974இல் வந்தது. அதற்கு முன் அதே நிறுவனத்தின் ட்றம்கள் ஸ்ரார் என்ற பெயரில் விற்கப்பட்டன. பெயரில்லாமல் 'யப்பான்' என்ற ஒரு சொல் மட்டும் பதித்து வந்தவையும் ஏராளம். 'ஆக்கிரமிக்கப்பட்ட யப்பான்' என்று பதித்த பொருளென்றால் அது 1952இல் அமெரிக்க ஆக்கிரமிப்பு முடிவதற்கு முந்தியது. எங்கள் செற்றுக்கு அது பொருந்தாது.

இவ்வளவும் படித்துவிட்டும் நான் ஏமாந்தேன். இணையத்தில் ஒருவர் "பழைய யப்பான் சிம்பல், அசல் வெண்கலம்" என்று போட்டிருந்தார். படம் பொன்னாக மின்னியது. 65 பிரித்தானியப் பவுண் கொடுத்தேன். வந்தது பித்தளை; விளிம்பில் தலைமயிர் போல ஒரு வெடிப்பும் இருந்தது. அந்தக் காசைச் சங்கக் கணக்கில் சேர்க்கவில்லை. என் கையால் போட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நோயாளியைச் சோதிக்கிற மாதிரிச் சிம்பலையும் சோதிக்கத் தொடங்கினேன். முதலில் பார்ப்பது. பித்தளை செம்பும் நாகமும் கலந்தது, மஞ்சளாக இருக்கும். நல்ல சிம்பல் வெண்கலத்தில் செம்பு 80 வீதம், வெள்ளீயம் 20 வீதம். நிறம் சற்று மங்கிச் சிவந்திருக்கும். ஆனால் மினுக்கிய தட்டை நிறத்தை வைத்து நம்பக்கூடாது. காந்தமும் உதவாது, இரண்டிலுமே ஒட்டாது. உள்ளே இரும்பு இருந்தால் மட்டும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது தொடுவது. நகத்தை விளிம்பு முழுவதும் மெதுவாக ஓட்டுங்கள். வெடிப்பு இருந்தால் நகம் சிக்கும். நடுத்துளை வட்டமாக இருக்கிறதா, திறப்புத் துவாரம் போல ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தேய்ந்திருந்தால், இறப்பர் உறை இல்லாமல் வெறும் கம்பியில் பல காலம் ஆடியிருக்கிறது.

மூன்றாவது தட்டிக் கேட்பது. நெஞ்சைத் தட்டி நோயறியும் முறையை 1761இல் வெளியிட்ட ஔன்புருகர் ஒரு விடுதிக்காரரின் மகன். வயின் பீப்பாவைத் தட்டி அளவறிவதைப் பார்த்துத்தான் அது அவருக்குத் தோன்றியது என்று மருத்துவ மாணவருக்குச் சொல்வார்கள். சிம்பலை விரலில் தொங்கவிட்டுத் தட்டுங்கள். வெண்கலத்தின் ஓசை விரிந்து மெல்ல அடங்கும். மெல்லிய பித்தளை 'டங்' என்று சொல்லிச் சட்டென நிற்கும். 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் கூட வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது. இணையத்தில் வாங்குவதானால் தட்டிய ஒலியைப் பதிவுசெய்து அனுப்பும்படி கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

இப்படிச் சோதித்து, நடுக்குமிழுக்குப் பக்கத்தில் 'யப்பான்' என்று பதித்த 14 அங்குலச் சோடியொன்றை வாங்கினேன். வெடிப்பு இல்லை, துளை வட்டம். படத்தில் இருப்பதைப் போலவே இருந்தது. பெருமையோடு பாடசாலைக்குக் கொண்டுவந்து பூட்டினேன். இப்போது பாண்டில் ட்றம் வாசிக்கும் தங்கச்சி ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது சருவச்சட்டி மூடிச் சத்தமெல்லோ" என்றாள்.

அவள் சொன்னது சரி. அக்காலத்து மலிவான யப்பான் செற்களோடு வந்தவை பெரும்பாலும் மெல்லிய பித்தளைச் சிம்பல்கள்தான். எங்களுடையதும் அப்படித்தான் இருந்திருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக என் காதில் பொன்னாக ஒலித்தது இந்தச் சத்தம்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். எங்களிடம் வேறு சிம்பல் இருக்கவில்லை. அதை வைத்தே வாசித்தோம், சந்தோஷமாக இருந்தோம். அதற்காக இன்றைய பிள்ளைகளும் சட்டி மூடியை அடிக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே சங்கத்துக்கு நான் வைத்த முடிவு இது. பழைய சோடி செற்றோடு மண்டபத்தில் இருக்கட்டும். நூற்றாண்டு நாளில் ஒரு பாட்டுக்கு அதை வாசிக்கட்டும். மற்ற நாட்களில் பிள்ளைகள் வாசிக்க நல்ல வெண்கலச் சோடியும் 16 அங்குலச் சிம்பலும் வாங்குவோம். தெரிவு செய்ய அந்தத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போவோம்; அவளுடைய காது என்னுடையதைவிட நல்லது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ கொழும்பிலோ, எங்கே இருந்தாலும் உங்கள் பழைய அல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். ட்றம் செற் தெரிகிற படம் இருந்தால் ஆண்டைக் குறித்துச் சங்கத்துக்கு அனுப்பி வையுங்கள். அதை அன்பளித்த ஐயாவின் பெயரையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். அவருடைய மகள் எங்களில் ஒருத்தி. இந்த மலர் அவர் கைக்குக் கிடைத்தால், தயவுசெய்து எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள், அக்கா.